ஓட்டத்துக்கு முன்னால் இரண்டு பஃப்: குமரியில் குழந்தைகள் தினம் நடத்தப் புதிதாக இறங்குகிறவர்களுக்கு

எங்கள் தெருவில் முதன்முதலாகக் குழந்தைகள் தினம் கொண்டாடியபோது, மைதானத்தில் கோடு போட பிளீச்சிங் பவுடரைத்தான் தூவினோம். கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ, ஊரில் கோடு போடுவது அதில்தானே, யாருக்கும் உறுத்தவில்லை. முந்தின ராத்திரி பெய்த மழையில் மண் ஈரமாக இருந்தது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் நெடி கிளம்பியது. பத்து மணிக்குள் மூன்று பிள்ளைகள் இருமிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் என் மகன்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, இழுப்பு, அதாவது ஆஸ்துமா, உள்ளவள் என்று ஊருக்கே தெரியும். ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க வந்தவளை, "உனக்கு முடியாதுல்லா மக்களே, நீ இங்க இருந்து பரிசு எடுத்துக் குடு" என்று மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். அன்பாகத்தான் சொன்னோம். அந்த நேரத்தில் மேடையில் ஒருவர் குழந்தைகளின் உரிமையைப் பற்றி அரைமணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் சொன்னாளாம்: "டாக்டர் ஓடலாம்னுதான் சொன்னாரு. யாரும் எங்கிட்ட கேக்கல்ல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நாங்கள் மாற்றிக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். மாற்றலாகிக் குமரி மாவட்டத்துக்கு வந்த ஆசிரியர்கள், கல்யாணமாகி வந்து மகளிர் குழுவில் சேர்ந்தவர்கள், இந்த வருடம் கிளப்பில் பொறுப்பேற்ற பையன்கள் என்று யாருக்கும் பயன்படும். நான் மருத்துவர் இல்லை; இழுப்புள்ள பிள்ளையை வளர்க்கிற தாய். மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் பருவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: இங்கே மழை இரண்டு தடவை. ஜூன் முதல் தென்மேற்குப் பருவம், மேற்கே பழைய ஆட்கள் இடவப்பாதி என்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு, துலாம் மழை. தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஒரு மழையை நம்பியிருக்கும்போது நமக்கு இரண்டும் கிடைக்கிறது. குளத்துக்கும் வயலுக்கும் நல்லது. சுவருக்கு நல்லதில்லை. ஓட்டு வீட்டின் உள்சுவர் ஒன்று காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரக்காற்றில் மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் பெருகும். இந்த இரண்டும் இழுப்பைக் கிளப்பிவிடுவதில் கெட்டிக்காரர்கள்.

ஆனால் பிள்ளைகளுக்கு வரும் கடுமையான இழுப்பில் பெரும்பாலானது சாதாரண ஜலதோஷக் கிருமியால் தொடங்குவது. ஜூனில் பள்ளி திறக்கிறது, மழையும் தொடங்குகிறது, ஜன்னலைச் சாத்தி ஒரே அறையில் நாற்பது பேர். ஒருவன் மூக்கை ஒழுகவிட்டால் வாரத்துக்குள் வகுப்பே தும்மும். மற்ற பிள்ளைக்கு மூன்று நாளில் தீர்கிற சளி, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு நெஞ்சில் இறங்கிவிடும். அவனுடைய மூச்சுக்குழாய்கள் ஏற்கெனவே உள்ளுக்குள் வீங்கித் தொட்டால் சிணுங்குகிற நிலையில் இருப்பவை. கிருமியோ புகையோ பட்டதும் சுற்றியுள்ள தசை இறுகும், சளி கட்டும், வழி குறுகும். மூச்சை வெளியே விடுவதுதான் அதிகம் சிரமமாகும். அந்த விசில் சத்தம் அதனால்தான். இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. இதை நம் ஊரில் இன்னும் சொல்ல வேண்டித்தான் இருக்கிறது.

அப்புறம் ஊருக்கு ஊர் மாறுகிற காரணங்கள் உண்டு. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் என்றால் ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் கூடு. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய்க் காற்று. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்றுதான் ஆனி ஆடியில் வாசல் மண்ணையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவருகிறது. நாஞ்சில்நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு அறுவடைக்கும் நெல்தூசு. சாலையோர ஊர்களில் கல்லும் ஜல்லியும் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகள். அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலைப் பக்கத்தில் கொட்டை வறுக்கிற புகை. எல்லா இடத்திலும் பொதுவாக, காலையில் முற்றம் தூத்து சருகையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொளுத்துகிற வழக்கம்.

ஒரு நோட்டை எடுத்து, உங்கள் வார்டில் எந்த மாதம் எது வருகிறது என்று எழுதுங்கள். பொதுவான நோட்டீசை அடித்து விநியோகிப்பதைவிட இது பத்து மடங்கு பயன். கடற்கரை ஊரில் நின்றுகொண்டு ரப்பர் புகையைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்?

வீடுவீடாகப் போகும்போது எப்படிக் கேட்பது

அக்டோபர் முதல் வாரத்தில் தொடங்குங்கள். இரண்டிரண்டு பேராக, ஒருவராவது அந்தத் தெருக்காரராக.

"பிள்ளைக்கு ஆஸ்துமா உண்டா?" என்று கேட்டால் பதில் வராது. பெண்பிள்ளை என்றால் சுத்தமாக வராது, நாளைக்கு வரன் பார்க்கும்போது யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். "சும்மா சளியாக்கும்" என்று கதவை முக்கால்வாசி சாத்திவிடுவார்கள். கேள்வியை மாற்றுங்கள். ராத்திரியோ விடியற்காலையோ இருமி எழும்புவது உண்டா? மழைக்காலம் வந்தால் நெஞ்சில் விசில் சத்தம் கேட்குமா? ஓடினால் மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் இருமுவானா? ஆஸ்பத்திரியில் நெபுலைசர் (மருந்தைப் பனிப்புகையாக்கி முகமூடி வழியே கொடுக்கிற மின்கருவி) வைத்தது எத்தனை தடவை? இதற்கெல்லாம் அம்மாக்கள் நிறுத்தாமல் பதில் சொல்வார்கள்.

அதற்காக நீங்களே "இது ஆஸ்துமாதான்" என்று முடிவுகட்ட வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே சளி வரும்போதெல்லாம் இழுப்பு வருகிற பிள்ளைகள் பலர், வளர வளர சரியாகிவிடுவார்கள். மேலே கேட்டவற்றில் இரண்டு மூன்றுக்கு ஆம் என்று வந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், போதும். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தக்கலை, குழித்துறையில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தொடங்கினாலும் சரி.

கணக்கெடுத்த நோட்டு உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும். நாங்கள் ஒரு வருடம் "ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் மேடைக்கு வலப்பக்கம் வரவும்" என்று மைக்கில் கூப்பிட்டோம். ஒருவரும் வரவில்லை. நல்லவேளை. பிள்ளையின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு. அது எனக்கு அப்போது தெரியாது. என் மகன் முகத்தைப் பார்த்துத்தான் தப்பு புரிந்தது.

நவம்பர் 1-ஐ விட்டுவிடாதீர்கள்

எல்லாரும் 14-ஐ நோக்கித்தான் ஓடுவார்கள். என் கணக்கில் 1-ஆம் தேதிதான் முக்கியம்.

குமரிக்காரர்களுக்கு அது தெரிந்த தேதி. 1956 நவம்பர் 1-இல்தான் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 2022 முதல் அந்த நாளுக்கு இன்னொரு சிறப்பும் சேர்ந்துவிட்டது. அதுவரை வருடத்துக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்களை அரசு ஆறாக்கியபோது, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-உம் உள்ளாட்சி தினமான நவம்பர் 1-உம் சேர்க்கப்பட்டன. ஆக, குழந்தைகள் தினத்துக்கு இரண்டு வாரம் முன்னால் உங்கள் ஊராட்சி உட்கார்ந்து கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது. நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் நிறைய. அங்கே கிராம சபை கிடையாது, பகுதி சபாவை விசாரித்துப் போங்கள். நாகர்கோவில் மாநகராட்சிக்கும் நகராட்சிகளுக்கும் அப்படித்தான்.

கிராம சபையில் உறுப்பினர் என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். பிள்ளைகளுக்கு அது இல்லை. ஆனால் பிள்ளைகள் எழுதிய மனுவை நீங்கள் கொண்டுபோய் வாசிப்பதை யாரும் தடுக்க முடியாது. முந்தின ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வாசகசாலையிலோ அங்கன்வாடித் திண்ணையிலோ கூட்டி, "நம்ம ஊர்ல மூச்சுவிட எங்க கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். பெரியவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் சிரமமான வேலை. எங்கள் பிள்ளைகள் சொன்னதில் பாதி எங்களுக்குத் தெரியவே தெரியாது. பள்ளிக்குப் பின்பக்கம் குப்பையைக் கொளுத்துவது சரியாக காலைப் பிரார்த்தனை நேரத்தில் என்று ஒருவன் சொன்னான். அங்கன்வாடியில் மழைநீர் ஒழுகுகிற மூலையில்தான் பாய்களைச் சுருட்டி வைக்கிறார்கள், அதில்தான் தம்பி படுக்கிறான் என்று ஒருத்தி சொன்னாள்.

மனுவை ஒரு பக்கத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோரிக்கை போதும், இடமும் நேரமும் தெளிவாக. பொது இடத்தில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்கின்றன என்ற ஒரு வரியைச் சேருங்கள். தலைவரும் செயலரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். பேசி முடித்ததும் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்ஹேலரும் ஸ்பேசரும்: கொஞ்சம் பொறுமையாக

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இன்ஹேலரைப் பற்றி ஊரில் சொல்வது: பழகிவிடும், கடைசிக் கட்டத்தில்தான் கொடுப்பார்கள், பிள்ளை வளராது. இன்ஹேலர் போதை கிடையாது. மாத்திரையும் சிரப்பும் வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி நுரையீரலுக்கு வர வேண்டும். இன்ஹேலர் மருந்து நேராகப் போகிறது, அதனால் மைக்ரோகிராம் அளவே போதும். கடைசிக் கட்ட மருந்து இல்லை அது, முதல் கட்ட மருந்து.

இரண்டு வகை உண்டு. இழுப்பு வந்ததும் அடைப்பைத் திறப்பது ஒன்று, சால்பியூட்டமால். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். இன்னொன்று வீக்கத்தைத் தணித்து இழுப்பு வராமல் பார்த்துக்கொள்கிற ஸ்டீராய்டு, பியூடெசோனைடு போன்றவை. இந்த இரண்டாவதைத்தான் பெற்றோர் நிறுத்திவிடுவார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறானே, எதற்கு மருந்து என்று. அவன் நன்றாக இருப்பதே அதனால்தான். மழை வந்ததும் நீலத்தை மட்டும் அடிக்கடி அடிப்பது, ஒழுகுகிற கூரையோட்டை மாற்றாமல் கீழே பாத்திரம் வைப்பது மாதிரி. நீலம் வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

குழந்தைகளுக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டுகிற பிளாஸ்டிக் குழாய், கட்டாயம். வெறும் இன்ஹேலரை வாயில் வைத்து அடித்தால் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். முறை இதுதான்: பிள்ளையை நிமிர்ந்து உட்கார வையுங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரின் பின்பக்கம் மாட்டுங்கள். சின்னப் பிள்ளைக்கு முகமூடி மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். பெரிய பிள்ளை என்றால் வாய்க்குழலைப் பல்லுக்கு நடுவே வைத்து உதட்டை மூடட்டும். இன்ஹேலரை ஒரு தடவை அழுத்துங்கள், அதுதான் ஒரு பஃப். சாதாரணமாக ஐந்தாறு மூச்சு இழுத்து விடட்டும். அடுத்த பஃபுக்கு மறுபடியும் குலுக்கி, மறுபடியும் முதலிலிருந்து. இரண்டையும் சேர்த்து அழுத்துவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு, நானும் ஒரு வருடம் அப்படித்தான் அடித்தேன். ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்பேசரை வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் அப்படியே காய வைக்க வேண்டும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தைச் சுவரிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும்.

இதைச் சொற்பொழிவாகச் சொன்னால் யாருக்கும் நிற்காது. விழாவில் ஒரு மேசை போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் ஒருவரை வரச்சொல்லி, காலி இன்ஹேலரை வைத்துப் பெற்றோரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் பத்து வயதுப் பையன் ஒருவன் தன் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தான். பாட்டிக்கும் இழுப்பு இருந்தது, நாற்பது வருடமாகச் சூரணம் தின்றுகொண்டிருந்தாள்.

நெபுலைசர்தான் பெரிய மருத்துவம் என்ற எண்ணமும் இருக்கிறது. சாதாரண, நடுத்தர இழுப்புக்கு ஸ்பேசரோடு அடிக்கிற இன்ஹேலர் அதே வேலையைச் செய்யும். கரண்டும் வேண்டாம். 2017 நவம்பர் 30-ஐ இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒக்கிப் புயல் வந்து மரங்களும் கம்பங்களும் சாய்ந்து நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். நெபுலைசர் வைத்திருந்த வீட்டில் அது அலமாரியில் சும்மா இருந்தது. ஸ்பேசரே கிடைக்காத அவசரத்தில் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாக நுழையும் அளவு துளை போட்டு, பாட்டிலின் வாய்வழியே இழுக்கச் செய்யலாம். ஆராய்ச்சி செய்து பார்த்த முறைதான், வேலை செய்யும். உள்ளே பிளாஸ்டிக் துணுக்கு கிடக்காமல் கழுவிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை தயார் செய்யுங்கள். மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டியது: நன்றாக இருக்கும்போது தினமும் என்ன, இருமல் தொடங்கினால் என்ன, இழுப்பு கடுமையானால் எத்தனை பஃப், விளையாட்டுக்கு முன்னால் வேண்டுமா. அதன் நகல் ஒன்று வகுப்பாசிரியரிடம். நீல இன்ஹேலர் பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும். அலுவலக அலமாரியில் பூட்டிவைத்து, சாவி தலைமையாசிரியர் கையில், தலைமையாசிரியர் நாகர்கோவிலில் மீட்டிங்கில் என்றால் என்ன செய்வது?

விழா நாளும் இடமும்

காலையில் வையுங்கள். துலாம் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு வருவது. ஒன்பதில் தொடங்கினால் ஒரு மணிக்குள் முடித்துவிடலாம். 14-ஆம் தேதி பள்ளி நாள் என்றால் அடுத்த சனியோ ஞாயிறோ, ஒன்றும் குறைந்துவிடாது. நேரு பிறந்தது 1889 நவம்பர் 14-இல். ஐ.நா. உடன்படிக்கை நிறைவேறியது 1989 நவம்பர் 20-இல். இரண்டுக்கும் நடுவே எந்த நாளும் நல்ல நாள்தான்.

கோட்டுக்கு இப்போது நாங்கள் தேங்காய்நார்க் கயிறு கட்டுகிறோம். கயிறு திரிக்கிற மாவட்டத்தில் இது தோன்ற எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. மண் காய்ந்திருந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்துவிடுங்கள். கலர்ப் பொடி, ஸ்னோ ஸ்பிரே, பட்டாசு, மேடையில் கட்டுக்கட்டாக ஊதுபத்தி வேண்டாம். தீபாவளிக்கே 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு என்றுதான் நேரம் ஒதுக்குகிறார்கள். குழந்தைகளுக்கான விழாவில் சரவெடி எதற்கு? ஜெனரேட்டர் காற்று போகும் திசையில் நிற்கட்டும், சமையலும் அப்படியே.

சாப்பாட்டில் ஒரு சண்டை உறுதி. இழுப்புள்ள பிள்ளைக்குப் பழம் கொடுக்கக் கூடாது, தயிர் கொடுக்கக் கூடாது என்று யாராவது சொல்வார்கள். ஒரு பிள்ளைக்குக் குறிப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் தவிருங்கள், மற்றபடி எல்லாம் கொடுக்கலாம். மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் பிள்ளைக்கு மட்டிப்பழம் இல்லை என்பது கொடுமை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் போட்டால் பெரியவர்களும் வருவார்கள்.

போட்டிகளில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். ஓட்டத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் நீல இன்ஹேலர் எடுக்கச் சொல்லி அட்டையில் எழுதியிருந்தால் எடுத்துக்கொள்ளட்டும், கொஞ்சம் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளட்டும், அப்புறம் ஓடட்டும். அன்றைக்கு ஏற்கெனவே இழுப்பு இருந்தால் மட்டும் வேண்டாம். ஓடுவதா இல்லையா என்று அவனிடமே கேளுங்கள்.

உரிமையை எப்படிப் பேசுவது

சிறப்புரை வேண்டாம். வைத்தே ஆக வேண்டும் என்று கமிட்டி நிர்ப்பந்தித்தால் ஐந்து நிமிடம், கையில் விசிலோடு ஒரு பிள்ளை பக்கத்தில் நிற்கட்டும்.

உடன்படிக்கையில் 54 பிரிவுகள். இந்தியா அதை ஏற்றது 1992 டிசம்பர் 11-இல். அத்தனையும் பிள்ளைகளுக்கு வேண்டாம். எங்களுக்கு நான்கு போதுமாக இருந்தது: தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்லலாம், அதைப் பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும் (12), உடல்நலம், மருத்துவம் (24), கல்வி (28), விளையாட்டும் ஓய்வும் (31). நான்கையும் நான்கு மூலையில் எழுதி ஒட்டி, ஒரு கதை சொல்லி, இதில் எது மீறப்பட்டது என்று கேட்டு ஓடவிடுங்கள். "ஒரு பிள்ளைக்கு இழுப்பு இருக்கு, டூருக்குக் கூட்டிட்டுப் போகமாட்டோம்னு சொல்லிட்டாங்க." பிள்ளைகள் நான்கு மூலைக்கும் பிரிந்து ஓடி அங்கிருந்தே சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் பாடம்.

1098 என்ற எண்ணை எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம் ஆக்குங்கள். அடி, மிரட்டல், வேலைக்கு அனுப்புவது, கல்யாணம் செய்துவைப்பது, தவறாகத் தொடுவது, எதுவானாலும் எந்த நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை. இழுப்பைப் பற்றி விழா என்று சொல்லிவிட்டு இதை விட்டுவிடக் கூடாது.

அன்றைக்கே யாருக்காவது இழுப்பு வந்தால்

ஒருவரைக் காலையிலேயே இதற்கென்று நியமித்துவிடுங்கள். வேறு வேலை அவருக்கு வேண்டாம். அட்டைகளின் நகலும் ஒரு ஸ்பேசரும் அவர் கையில்.

பிள்ளையைக் கூட்டத்திலிருந்து விலக்கி நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். சட்டையின் மேல் பட்டனைத் தளர்த்துங்கள். அட்டையில் எழுதியபடி நீல இன்ஹேலர், ஒவ்வொரு பஃபாக. தைலம் தேய்ப்பது, ஆவி பிடிக்க வைப்பது, சூடாக எதையாவது வாயில் ஊற்றுவது எதுவும் வேண்டாம். ஆவி பிடித்தால் இழுப்பு குறையாது, வெந்நீர் சாய்ந்து வெந்துபோன பிள்ளைகள்தான் உண்டு.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் ஒவ்வொரு சொல்லாக வந்தால், மூச்சுக்கு மூச்சு விலாவுக்கு இடையிலும் கழுத்துக்குழியிலும் தோல் உள்ளே இழுபட்டால், உதடு நீலம்பாய்ந்தால், பிள்ளை சோர்ந்து தூங்கப்போவதுபோல் ஆனால், அட்டையில் சொன்ன பஃப் கொடுத்தும் தணியவில்லை என்றால் உடனே 108. வண்டி வரும்வரை இன்ஹேலரைத் தொடருங்கள். விசில் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் பிள்ளை இன்னும் திணறுகிறது என்றால் அது குணமாவதன் அடையாளம் இல்லை, காற்றே போகவில்லை என்று அர்த்தம். அப்போதும் 108தான்.

பந்தலைப் பிரித்த பிறகு

மழை நவம்பர் 14-ஓடு நிற்பதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் முகாமுக்குப் போகிற பையில் ஆதார் அட்டைக்குப் பக்கத்தில் இரண்டு இன்ஹேலரும் ஸ்பேசரும் அட்டையும் இருக்க வேண்டும் என்று அந்த வீடுகளுக்கு மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். வெயில் அடிக்கிற நாளில் தலையணையும் பாயும் வெளியே போகட்டும். ஈரத்துணியை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போடாமல் இருந்தால் நல்லது, இரண்டு அறை வீட்டில் அது நடக்கிற காரியமா என்று கேட்டால் எனக்கும் பதில் இல்லை. மே மாதம் முதல் செவ்வாய் உலக ஆஸ்துமா தினம். அதைச் சாக்காக வைத்து ஜூனில் பள்ளி திறக்கும்முன் எல்லா அட்டையையும் புதுப்பித்துவிடலாம்.

கடைசி வேலை, புகார்ப் பெட்டி. விழா முழுவதும் ஓரமாக ஒரு பிஸ்கட் டப்பா இருக்கட்டும், பிள்ளைகள் பெயரில்லாமல் எழுதிப் போடலாம். மறுநாள் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டுக்கும் பதில் எழுதி வாசகசாலைச் சுவரில் ஒட்ட வேண்டும். இரண்டாம் வருடம் பரிசு மேசைக்காரி ஓடினாள். ஓட்டத்துக்கு முன்னால் இரண்டு பஃப், மருத்துவர் எழுதியபடி. ஐந்தாவதாக வந்தாள். டப்பாவைத் திறந்தபோது ஒரு சீட்டில், யார் கையெழுத்து என்று எல்லாருக்கும் தெரிந்த எழுத்தில், இப்படி இருந்தது: "விசில் சீக்கிரம் அடிச்சாச்சு. பந்தயத்தை மறுபடி நடத்தணும்."

விசில் அடித்தது நான்தான். என்ன பதில் ஒட்டுவது என்று கமிட்டியில் இன்னும் பேச்சு நடக்கிறது.